செங்காவிச் சாம்பல்

வேலை முடிந்ததும் தணிகாசலம் நேர்வழியில் வீடு திரும்புவதில்லை. ஆலையின் வாயிலிலிருந்து காலனிக்குத் தார்ச்சாலையில் நடந்தால் பத்து நிமிடம்தான். அவரோ வாயிலைக் கடந்ததும் இடப்பக்கம் திரும்பி, தொழிற்பேட்டையின் மழைநீர்க் கால்வாய்க் கரையில் ஏறி, சீமைக்கருவேலங்களுக்கு நடுவே அரைமணி நேரம் நடந்து, காலனியின் பின்புறமாக வந்து சேர்வார். மழைக்காலத்தில் கரை வழுக்கும். அப்போதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வழியேதான் வருவார். காரணம் கேட்பவர்களிடம், "சுகருக்கு நடக்கச் சொல்லிக்கீறாரு டாக்டரு" என்பார். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை.

தார்ச்சாலையின் நடுவழியில் பச்சைத் தகரக் கதவு போட்ட ஒரு சிறு கடை இருந்தது. ரோசம்மாளின் நாஷ்டா கடை. மாநில எல்லைக்கு அப்பாலிருந்து லாரி ஓட்டி வருபவர்களும், தேர்வாய் கண்டிகைக்குப் பேருந்து பிடிக்க ஓடுபவர்களும் அங்கே நின்றபடியே நான்கு இட்லியைத் தின்றுவிட்டுப் போவார்கள். அந்தக் கதவு பூட்டப்பட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அது மூடப்பட்டதற்குத் தணிகாசலம்தான் காரணம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியும், ரோசம்மாளுக்கும் தெரியும்.

அவருடைய மனைவி எல்லம்மா இறந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. மகன் மதன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான், இருவரும் "சாப்ட்டியா" என்று ஒருவரையொருவர் கேட்டு முடித்தபின் பேச ஒன்றும் மிஞ்சாது. மனைவி போன பிறகு அவரோடு தினமும் பேசிய ஒரே உயிர் ரோசம்மாள். எல்லம்மாவும் அவளும் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள். வயல்கள் தொழிற்பேட்டையாக மாறியபோது ஒரே தொழிற்சாலையில் துடைப்பம் பிடித்தவர்கள். அந்த உரிமையில் அவள் தணிகாசலத்தை அண்ணா என்று அழைப்பாள். வாய்க்கு வந்தபடி வம்பும் இழுப்பாள்.

"இன்னாண்ணா, மூஞ்சி தொங்கிக்கினு கீது? ராத்திரி பூரா உன் அடுப்பு உன்னியத் தூங்க உடலியா?"

"என் அடுப்பு உன் அடுப்பு மாரியா? ஊரு பீயத் துண்ற அடுப்பு, ரோசம்மா."

"கடையாண்ட வந்து இன்னா பேச்சு பேசற நீ! துண்றவன் எய்ந்து ஓடிருவான். வாய மூடிக்கினு இட்லியத் துண்ணு."

நான்கு இட்லியும் இந்த வசவும் சேர்ந்ததுதான் அவருடைய காலை. அது இல்லாமல் போன பிறகு, இட்லியை வேறு கடையில் வாங்கிக்கொள்ள முடிந்தது. வசவை வாங்க முடியவில்லை.

தணிகாசலம் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் ஆலையை ஊரார் 'சேத்துக் கம்பெனி' என்பார்கள். சுற்றியுள்ள நகராட்சிகளின் கழிவுநீர் நிலையங்களில் நீரைப் பிரித்தபின் எஞ்சும் கருஞ்சேற்றை லாரிகள் கொண்டுவந்து கொட்டும். அதை உலைக்குள், எண்ணூற்றைம்பது பாகை வெப்பத்தில் கொதிக்கும் மணலுக்குள் தள்ளி எரிக்க வேண்டும். எழும் புகையை ஒரு கோபுரத்தில் நீர்த்தாரைகள் கழுவும். கழுவப்பட்ட புகை உயர்ந்த புகைபோக்கி வழியாக வெளியேறும்.

உலைக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்த சேற்றை அமைதியாகத் தின்னும். ஈரச்சேற்றைக் கொடுத்தால் முரண்டு பிடிக்கும். மழைநாட்களில் வரும் சேறு கூழாக இருக்கும். அப்போது உலையின் சூடு இறங்கும், நீராவி பெருகும், புகையை இழுக்கும் விசிறி திணறும். உலை வெடித்துவிடாதிருக்க ஒரு மாற்றுவழி இருந்தது. ஒரு சங்கிலியை இழுத்தால், பின்புறமுள்ள குட்டையான பழைய புகைபோக்கி திறந்துகொள்ளும். புகை கழுவப்படாமலே வெளியேறும். பைபாஸ் என்று அதற்குப் பெயர். ஆபத்து நேரத்தில் மட்டுமே அதைத் திறக்கலாம். திறந்தால் பதிவேட்டில் எழுதி, மேலிடத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

விதிக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கமும் வளர்ந்திருந்தது. மழைக்காலத்தில், விடியும் வேளையில், அதிகாரிகள் வருமுன் இருபது நிமிடம் சங்கிலியை இழுத்துப் பிடித்தால் உலை மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் சூடேறிவிடும். காலைப் பணிக்கு வருபவனிடம் நல்ல உலையை ஒப்படைத்துவிட்டுப் போகலாம். பதிவேட்டில் அந்த நேரத்துக்கு நேராக 'இயல்பு' என்று எழுதிவிடுவார்கள். எழுதச் சொல்லி யாரும் ஆணையிட்டதில்லை; கூடாதென்று யாரும் தடுத்ததுமில்லை. முன்னவர் செய்ததைப் பின்னவர் செய்தார். தணிகாசலமும் செய்தார். அவருடைய 'இயல்பு' மற்றவர்களுடையதைவிட அழகாக இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. விடியல் நேரத்தில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கடலுக்கும் பழைய புகைபோக்கிக்கும் நடுவே, தார்ச்சாலையின் ஓரத்தில், ரோசம்மாளின் இட்லித் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன், ஒரு நவம்பர் காலையில், அந்தத் துணிகள் முழுவதும் செங்காவி நிறத்தில் புள்ளி புள்ளியாகச் சாம்பல் படிந்திருந்தது. ரோசம்மாள் துணிகளைச் சுருட்டிக்கொண்டு நேரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். ஊராட்சிக் கூடத்தில் விசாரணை என்று ஒன்று நடந்தது. விறகுச் சாம்பல் வெளுப்பாக இருக்கும். சேற்றில் இரும்பு கலந்திருப்பதால் சேற்றுச் சாம்பல் மட்டுமே சிவக்கும். இதை அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் தணிகாசலத்தைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. ஆயினும், மேலாளர் அன்புசெல்வன் முந்தைய நாள் தோளில் கைவைத்துச் சொல்லியிருந்தார்: "ரிட்டயர் ஆவ ரெண்டு வருஷம் கீது. பதினேழு வருஷ சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி இல்ல. இன்னாத்துக்கு வம்பு?"

தணிகாசலம் ஒரு தாளில் எழுதினார். அதை ஊர் நடுவே எழுந்து நின்று அவரே வாசித்தார். அன்று பைபாஸ் திறக்கப்படவில்லை என்றும், கடையின் விறகடுப்புச் சாம்பலே துணிகளில் படிந்திருக்கக்கூடும் என்றும் அதில் இருந்தது.

ரோசம்மாள் முன்னால் வந்தாள். தாளை அவர் கையிலிருந்து வாங்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரியும்.

"உன் கையெய்த்து ரொம்ப அயகா கீதுண்ணா" என்றாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் லாரிக்காரர்கள் அவளைச் சீண்டத் தொடங்கினார்கள். "இன்னா ஆயா, இன்னிக்கு சாதா இட்லியா, சாம்பல் இட்லியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கேலி கையில் கிடைத்தால் விடாதவர்கள். இரண்டே மாதத்தில் பாதிப்பேர் வேறு கடைக்குப் போனார்கள். தை பிறந்ததும் ரோசம்மாள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத் திருநின்றவூரில் இருக்கும் மகள் ஹெலனின் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது தணிகாசலத்திடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது அந்த ஆலையைப் புதுப்பிக்கிறார்கள். புகையிலிருக்கும் நுண்துகளையும் நச்சையும் குறைத்தாக வேண்டுமென்று புதிய விதிகள் வந்துவிட்டன. புகையைத் துணிப்பைகளின் வழியே வடிகட்டும் பெரிய அறை ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பும், கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பிடிக்கக் கரித்தூளும் புகையில் தூவப்படவிருந்தன. இந்த வேலையை வடிவமைக்க வந்திருந்த பொறியாளர் வினோதா. செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் இரண்டு ரயில் மாறி வருவாள். வந்ததும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பழைய பதிவேடுகளோடு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை பிற்பகல் அவள் தணிகாசலத்தை அழைத்தாள். சேறு அள்ளும் வண்டியை ஓட்டும் லோகுவும் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"உங்க லாக் புக்கைப் பாத்து அசந்துட்டேண்ணா. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல."

"மேடம், நம்ம பெர்சு எய்துனா அச்சடிச்ச மாரி இருக்கும்" என்றான் லோகு. "கல்யாணப் பத்திரிகைய கையாலயே எய்துவாரு. குடுக்கத்தான் சொந்தக்காரன் எவனும் இல்ல."

"போடா, வண்டி அங்க கத்திக்கினு கீது பாரு" என்று தணிகாசலம் அவனை விரட்டினார்.

வினோதா கணினித் திரையைத் திருப்பினாள். நீலக்கோடு ஒன்று நெடுந்தூரம் சமமாக ஓடி, இடையிடையே பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"இது கழுவுற கோபுரத்து வாசல்ல இருக்கற சூட்டு மானி. டிசைனுக்கு எடுத்துக்கிட்டது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அந்த ஒரு வருஷத்துல நாப்பத்தியொரு தடவை சூடு திடீர்னு விழுந்திருக்கு. இருபது நிமிஷம் கழிச்சு தானா ஏறிடுது. உங்க புக்ல அந்த நேரமெல்லாம் இயல்புன்னு இருக்கு. பைபாஸ் மொத்தமே மூணு தடவைதான். அதனால ஒயர் எங்கயோ லூஸுன்னு முடிவு பண்ணிட்டேன். மாத்தச் சொல்லி எழுதியாச்சு."

தணிகாசலம் கோட்டைப் பார்த்தார். பள்ளங்கள் பெரும்பாலும் மழைமாதங்களில் இருந்தன. எல்லாம் விடியற்காலை.

"மூணு தடவைன்னா இன்னா மேடம் செய்வீங்க?"

"நல்லதுதான். சேறு எப்பவும் பதமாத்தான் வருதுன்னு அர்த்தம். அப்ப சேத்தைக் காயவைக்கற உலர்த்தி வேணாம். பிளான்ல இருந்து அதை எடுத்துட்டோம்."

"அப்பால ஈரச்சேறு வந்துச்சின்னா?"

"ஈரப்புகை பைகள்ல ஒட்டிக்கினு அடைச்சிடும். பைகளைக் காப்பாத்த மறுபடியும் பைபாஸைத்தான் திறக்கணும். ஆனா வருஷத்துல மூணு நாள்தானே, சமாளிச்சிடலாம்." அவள் சிரித்தாள். "மெஷின் பொய் சொல்லும்ணா. உங்க கையெழுத்து பொய் சொல்லாது. பழைய பதிவேடு சரின்னு ஒரு தாள்ல நீங்க கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தாப் போதும்."

அன்றும் அவர் கால்வாய்க் கரையேறித்தான் வீட்டுக்குப் போனார். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். பாரந்தூக்கி ஒன்று புதிய வடிகட்டி அறையின் இரும்புச் சட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பழைய குட்டைப் புகைபோக்கி எப்போதும்போல நின்றது. அவர் கையெழுத்திட்டால் அதற்கு இன்னும் இருபது ஆண்டு வாழ்வு உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் புதிய அறையைத் தாண்டி, மழைக்காலந்தோறும் விடியலில், அதே செங்காவிச் சாம்பல் அதே சாலைமீது விழும். அவர் கையெழுத்திடாவிட்டால், பதினெட்டு ஆண்டுப் பதிவேடும் பொய்யாகும். அந்த நவம்பர் காலையைப் பற்றி அவர் வாசித்த தாளும் பொய்யாகும்.

எருமையும் தவளைகளும் வாழ்ந்த ஒரு குளத்தை எண்ணிப் பார்க்கலாம். நாள்தோறும் எருமை இறங்கிச் சேற்றைக் கலக்கும். நீர் கலங்கிய போதெல்லாம் தவளைகள் கத்தும். ஒருநாள் காட்டரசனான சிங்கம் விசாரிக்க வந்தது. எருமை பணிவோடு சொன்னது: "அரசே, நான் வந்து போகிறவன். குளத்துக்குள்ளேயே குடியிருப்பவை தவளைகள். கத்துபவையும் அவையே. கலக்குவது வேறு யாராக இருக்க முடியும்?" எருமை பெரிய பிராணி, அதன் சொல்லும் பெரிதாகத் தெரிந்தது. தவளைகள் துரத்தப்பட்டன. குளம் தெளியவில்லை, தெளியாது என்று எருமைக்கு முன்பே தெரியும். மாலையில் கழுத்தளவு நீரில் நிற்கும்போது சுற்றிலும் ஒரு குரல்கூட எழாது என்பதுதான் அதற்கு முன்பே தோன்றாமல் போயிற்று.

செவ்வாயும் புதனும் வியாழனும் தணிகாசலம் யாருடனும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் வரவில்லை. வியாழன் மாலை, தொலைக்காட்சியை ஓடவிட்டு ஒலியை மட்டும் அடைத்துவிட்டு, தரையில் அமர்ந்து சோறுண்டார். ஒரு சூட்டு மானி உண்மையைச் சொல்லியதற்காக அதைக் கழற்றி எறியப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படிக் கழற்றி எறியப்பட்டவள்தான் ரோசம்மாளும் என்று தோன்றியபோது தட்டைத் தள்ளி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வினோதா தாளை நீட்டினாள். பேனாவைத் திறந்து கையில் கொடுத்தாள். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"ஒயர மாத்தாதீங்க மேடம்."

"ஏன்ணா?"

"அது சரியாத்தான் சொல்லிக்கீது. நாப்பத்தியொண்ணும் பைபாஸ்தான். தொறந்தவங்க நாங்கதான். இயல்புன்னு எய்துனதும் நாங்கதான்."

வினோதா திரையைப் பார்த்தாள். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கோபம் வருதுண்ணா. ஆறு மாச டிசைன் இது."

"வரணும் மேடம்."

"பைபாஸ் எப்பெல்லாம் திறந்ததுன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு பெரிய உலர்த்தி வேணும்னு கணக்குப் போட முடியும். ஒவ்வொரு பள்ளமாச் சொல்வீங்களா? எழுதியும் குடுக்கணும்."

"சொல்றேன். எய்தியும் குடுக்கறேன்."

அன்று பகல் முழுவதும் இருவரும் திரைமுன் அமர்ந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் காரணம் சொன்னார்: எந்த ஊர்ச் சேறு, எவ்வளவு மழை, யாருடைய பணிநேரம். மற்றவர் பணிநேரங்களை அவர் பெயர் சொல்லாமல் கடந்தார். தம்முடையவற்றுக்கு மட்டும் பெயரிட்டார். அவை இருபத்தாறு. அவற்றில் ஒன்று நவம்பர் பதினெட்டு, காலை ஐந்து மணி இருபது நிமிடம். அந்தப் பள்ளம் மற்றவற்றைவிட ஆழமாகவும் இல்லை, அகலமாகவும் இல்லை.

மாலையில் மேலாளர் அன்புசெல்வன் அவரைத் தம் அறைக்கு அழைத்தார். கோபப்படவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரிட்டயர் ஆவ எட்டு மாசம்ண்ணே. எட்டே எட்டு மாசம் பல்லைக் கடிச்சிக்கினு இருந்திருக்கலாம்."

"அன்னிக்கு ரெண்டு வருஷம்னு சொன்னீங்க சார்."

அன்புசெல்வன் சன்னல் பக்கம் பார்த்தார். "என்னியும் கூப்புடுவாங்க. நானும் பதில் சொல்லணும். விசாரணை முடியற வரைக்கும் நீங்க ஊட்லயே இருங்க. ஆர்டர் நாளைக்கு வரும்."

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறினார். பேசின் பிரிட்ஜில் இறங்கி, நடைமேடை மாறி, அடுத்த வண்டிக்காக முக்கால் மணி நேரம் நின்றார். வழியெல்லாம் அவர் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் எழுதி எழுதி அழித்தார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாதவர், அன்று ஒரு வரியைக்கூட முழுதாக வைத்துக்கொள்ள முடியாமல் திருநின்றவூரில் இறங்கினார்.

புதுக் குடியிருப்பு, மூன்றாவது மாடி. இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் ரோசம்மாள் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். மகள் ஹெலன் மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். இவள் முட்டி வலி என்று தங்கிவிட்டாள்.

"இன்னா, வயி தவறி வந்துட்டியா?" என்றாள். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் வாசலில் நின்றபடியே சொன்னார். துணியில் விழுந்தது ஆலையின் சாம்பல் என்றும், சங்கிலியை இழுத்தது தம் கை என்றும், விறகடுப்பைப் பற்றி எழுதும்போதே அது பொய்யென்று தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். ஆலையிலும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "மன்னிச்சிக்கோ ரோசம்மா" என்று முடித்தார்.

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"இத எங்கிட்ட வந்து ஏண்ணா சொல்ற? நான் பொய் சொல்லலன்னு எனுக்குத் தெரியாதா? உனுக்கும் தெரியும். தெரியாதது ஊருக்குத்தான்."

அவர் தலை குனிந்தார்.

"ஊரு நடுவுல எய்ந்து நின்னு சத்தமாப் படிச்ச. இப்ப மூணாவது மாடிக்கு வந்து காதுல சொல்ற. சாம்பல் இட்லின்னு கேட்டானுங்களே, அவனுங்க இங்கியா கீறானுங்க? இந்த பில்டிங்ல எதுத்த ஊட்டுக்காரன் பேரே எனுக்குத் தெர்ல. நான் யாராண்ட போயி நான் பொய்காரி இல்லன்னு சொல்லுவேன்?"

"நீ சொல்றது சரி."

"எல்லம்மா அக்கா இருந்திருந்தா உன்னிய செருப்பாலயே அட்ச்சிருக்கும்."

"அட்ச்சிருக்கும்" என்றார் தணிகாசலம்.

கீழே ஒரு சென்னை ரயில் நிற்காமல் கடந்துபோயிற்று. அதன்பின் அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வெய்யில்ல வந்துக்கீற" என்று மட்டும் சொன்னாள். அவர் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆலைப் புதுப்பிப்பைக் குறித்து மக்கள் கருத்தைக் கேட்க ஊராட்சிக் கூடத்தில் கூட்டம் நடந்தது. முன்பு சாம்பல் விசாரணை நடந்த அதே கூடம். எழுபது எண்பது பேர் இருந்தார்கள். தேநீர் விநியோகம் நடந்துகொண்டிருந்தது. வினோதா திரையில் படம் காட்டி, பை வடிகட்டி எப்படி வேலை செய்யும், உலர்த்தி ஏன் சேர்க்கப்பட்டிருக்கிறது, பழைய புகைபோக்கி எப்போது இடிக்கப்படும் என்று விளக்கினாள். சிலர் வேலைவாய்ப்பு கேட்டார்கள். ஒருவர் லாரிகளின் நாற்றத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

தணிகாசலம் கடைசி வரிசையிலிருந்து எழுந்து நடந்துபோய் ஒலிவாங்கியின் முன் நின்றார். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"சொல்லுங்க பெரியவரே, பிளான்ட் பத்தி உங்க கருத்து இன்னா?" என்றார் ஊராட்சித் தலைவர்.

"கருத்து இல்லீங்க. இதே எடத்துல ரெண்டு மழைக்கு முன்னாடி ஒரு பொய்யப் படிச்சேன். அத திருப்பி எடுத்துக்க வந்துக்கீறேன்."

பின்வரிசைகளில் பேச்சு நின்றது. தேநீர் ஊற்றியவனும் கெண்டியோடு நின்றுவிட்டான். அந்த நேரத்தில் கூடத்தின் பக்கவாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஹெலன் விடுப்பு எடுத்திருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ரோசம்மாள் நின்றாள். யார் தகவல் சொன்னார்கள் என்று தணிகாசலத்துக்குத் தெரியாது. வினோதா தன் காகிதங்களை அடுக்குவதில் மும்முரமாக இருந்தாள்.

அவர் முதல் தாளை வாசித்தார். கடைக்காரப் பெண்மணி ரோசம்மாள் அன்று சொன்னது முழுவதும் உண்மை என்று அதில் எழுதியிருந்தது. அவளுடைய அடுப்பைப் பற்றி எழுதியது பொய் என்றும், அதனால் அவள் பெயரும் பிழைப்பும் கெட்டன என்றும், அந்தப் பொய்க்குத் தாம் ஒருவரே பொறுப்பு என்றும், ஊராட்சிப் பதிவில் இதைச் சேர்க்க வேண்டும் என்றும் இருந்தது. முன்வரிசையிலிருந்த ஒரு லாரிக்காரர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க பெரியவரே, பதிஞ்சிக்கறோம்" என்றார் தலைவர். "உக்காருங்க."

"இன்னொரு தாளும் கீதுங்க. ஊரு மேல பொகைய தொறந்து உட்ட நாளெல்லாம் இதுல கீது. எய்தறவரு எய்திக்கணும்."

"எத்தினி நாளு?"

"என் கையால தொறந்தது இருபத்தாறு."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்குங்க இப்ப? தாளைக் குடுத்துட்டுப் போங்க, ஃபைல்ல வெச்சிக்கறோம்."

பக்கவாசலிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஃபைல்ல வேணாம். சத்தமாப் படிக்கட்டும். அன்னிக்கு சத்தமாத்தானே படிச்சாரு?"

கூடம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. ரோசம்மாள் ஒருவரையும் பார்க்கவில்லை. தணிகாசலத்தை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று அவரால் கண்டுகொள்ள முடியவில்லை. அவள் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு, முழுவதும் கேட்டுவிட்டே போவதென்று வந்தவளைப்போல உட்கார்ந்தாள்.

எழுத்தர் புதிய பக்கத்தைத் திருப்பினார். "மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

தணிகாசலம் இரண்டாவது தாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு முதல் வரியை வாசித்தார். "அக்டோபர் இருபத்தொம்பது, காலையில அஞ்சு மணி பத்து நிமிஷம். நான் தொறந்தேன்." எழுத்தரின் பேனா நிற்கும்வரை காத்திருந்து, தாளிலிருந்த அடுத்த தேதியை வாசித்தார்.